பச்சை அட்டைப் புத்தகத்தின் பள்ளி

உயர்நிலை ஒன்றில் சேர்ந்தபோது இணைப்பாட நடவடிக்கையாக நான் கேட்டது வலைப்பந்து. தேர்வுச் சுற்றில் பந்து என் பக்கமே வரவில்லை. கடைசி விருப்பமாக, என்னவென்று சரியாகப் படிக்காமலேயே, பள்ளியின் பேக்பைப் குழுவை எழுதிவைத்திருந்தேன். அதுதான் கிடைத்தது.

பேக்பைப் எல்லாருக்கும் தெரிந்த கருவிதான். அணிவகுப்புகளில் கூர்க்கா பிரிவினர் கைக்கு அடியில் பையை இடுக்கிக்கொண்டு ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை முதல் நாளே கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. புல்லாங்குழல் போன்ற ஒரு கறுப்பு நெகிழிக் குழலும், பல கை மாறி முனை மடங்கிய பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றும்தான் கிடைத்தன. “இதில் ஆறு மாதம். பிறகு பார்க்கலாம்,” என்றார் எங்கள் பயிற்றுநர்.

ஆறு மாதம் என்றவர் ஓர் ஆண்டு இழுத்துவிட்டார். அந்த ஓராண்டும் அந்தப் புத்தகமே எங்களுக்கு வேதம். ஆனால் அதை எழுதியவர் யார், அது எங்கிருந்து வந்தது என்று நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, ஒரு காரணத்துக்காக அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதாயிற்று. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தப் புத்தகத்தை வெளியிட்ட பள்ளியின் கதை.

நிறுத்த முடியாத கருவி

பள்ளியைப் புரிந்துகொள்ள, முதலில் கருவியைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பேக்பைப் என்பது நான்கு குழல்களுக்கு ஒரே நேரத்தில் காற்று கொடுக்கும் ஒரு பை. வாயால் ஊதிப் பையை நிரப்புகிறோம். கையால் அழுத்திக் காற்றை வெளியே அனுப்புகிறோம். விரல்கள் ஓடும் குழலுக்குச் சான்டர் என்று பெயர். அதில் ஒன்பதே சுரங்கள். தோளில் சாய்ந்து நிற்கும் மற்ற மூன்றும் சுருதிக் குழல்கள். அவற்றில் இரண்டு, சான்டரின் ஆதார சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். மூன்றாவது இரண்டு ஸ்தாயி கீழே. நாகசுரத்துக்கு ஒத்து எப்படியோ, சான்டருக்கு இந்த மூன்றும் அப்படி.

இதில் ஒரு சிக்கல். ஊதத் தொடங்கிவிட்டால் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பாட்டின் நடுவே நிறுத்தவும் முடியாது. புல்லாங்குழலில் ஒரே சுரத்தை இரண்டு முறை ஒலிக்க வேண்டுமென்றால் நாக்கால் காற்றை வெட்டலாம். பேக்பைப்பில் நாக்குக்கும் குழலுக்கும் இடையே ஒரு பை இருக்கிறதே! ஆகவே, இரண்டு சுரங்களுக்கு நடுவே கண்ணிமைக்கும் நேரத்தில் வேறொரு சுரத்தைத் தொட்டுவிட்டு வர வேண்டும். அதை அணிச்சுரம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, இரண்டு என்று தொடங்கி, ஒரே நொடிக்குள் ஏழெட்டு அணிச்சுரங்கள் வரும் விரலசைவுகள்வரை உண்டு. பாட்டுக்கு அழுத்தம், தாளம், உயிர் எல்லாம் இவற்றிலிருந்துதான் வருகின்றன. பச்சைப் புத்தகத்தில் முதல் பாட்டைத் தொடுவதற்குள் பக்கம் பக்கமாக இந்தப் பயிற்சிகளைத் தாண்ட வேண்டியிருந்தது.

தாளில் இந்த அணிச்சுரங்கள் சின்னச் சின்ன எறும்புகள் போல இருக்கும். அவற்றைப் பார்த்து எனக்கு எதுவும் புரியாது. பயிற்றுநர் பெருமூச்சு விட்டுவிட்டு வாயால் பாடிக் காட்டுவார். “ஹிடிரி... ஹோ... ஹடிரி...” என்று அவரே உண்டாக்கிய சொற்கள். அதைக் கேட்டதும் விரல்களுக்குப் புரிந்துவிடும். நானும் வீட்டில் அப்படியே பாடிப் பழகுவேன். ஒருநாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த பாட்டி, “என்னடி, தவில்காரர் மாதிரி வாயாலேயே வாசிக்கிறே?” என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பாட்டி சொன்னது எவ்வளவு சரி என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

தீவில் இருந்த பள்ளி

ஸ்காட்லாந்தின் வடமேற்கே ஸ்கை என்றொரு தீவு. அங்குள்ள டன்வேகன் கோட்டையில் இருந்தவர்கள் மெக்லவுட் இனக்குழுத் தலைவர்கள். அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் குழலிசைத்த குடும்பம் மெக்ரிம்மன். கோட்டைக்கு எதிர்க்கரையில், போரெரெய்க் என்ற இடத்தில் அந்தக் குடும்பத்துக்கு நிலம் தரப்பட்டிருந்தது. மற்ற தலைவர்கள் தங்கள் இளம் குழலிசைஞர்களை அங்கே அனுப்பிப் படிக்கவைத்தார்கள். முழுப் படிப்புக்கும் ஏழு ஆண்டுகள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு.

அங்கே கற்பிக்கப்பட்டது அணிவகுப்புப் பாட்டு அல்ல. பீப்ரோக் என்ற பேரிசை. முதலில் மெதுவாக ஒரு மூல மெட்டு வரும். கேலிக் மொழியில் அதற்கு ‘ஊர்லார்’ என்று பெயர். தரை என்பது பொருள். அந்தத் தரையின்மேல் ஒவ்வொரு சுற்றிலும் அணிச்சுரங்கள் கூடிக்கொண்டே போகும். உச்சத்தைத் தொட்டபின், முதலில் வந்த மெட்டே மீண்டும் வந்து முடியும். ஒரு பாட்டுக்கு பத்து, பதினைந்து நிமிடங்கள் ஆகும். இறந்தவர்களுக்கான இரங்கல், வரவேற்பு, போர் அழைப்பு எல்லாவற்றுக்கும் பீப்ரோக் உண்டு. பேட்ரிக் மோர் மெக்ரிம்மனுக்கு எட்டு மகன்கள் இருந்ததாகவும், ஓராண்டுக்குள் ஏழு பேரை நோய்க்குப் பறிகொடுத்து ‘பிள்ளைகளுக்கான இரங்கல்’ என்ற பாட்டை அவர் அமைத்ததாகவும் மரபுக்கதை சொல்கிறது.

இவ்வளவு நீளமான, சிக்கலான இசையை எந்தத் தாளிலும் எழுதாமல் எப்படிக் கற்பித்தார்கள்? பாடித்தான். அதற்கென்றே ஒரு சொற்கட்டு முறை இருந்தது. கேலிக்கில் அதை ‘கான்டரக்’ என்பார்கள். பாடுதல் என்றே பொருள். உயிரெழுத்துகள் சுரத்தைக் காட்டும், மெய்யெழுத்துகள் அணிச்சுரத்தைக் காட்டும். ‘ஹிஹாரின்’, ‘ஹின்பான்ட்ரே’ போன்ற சொற்களைக் கேட்ட மாத்திரத்தில், எந்தச் சுரத்தை எந்த விரலசைவோடு வாசிப்பது என்று மாணவருக்குத் தெரிந்துவிடும். மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் ‘தகதிமி’ சொல்லிக் கற்றுத் தருவதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. எங்கள் பயிற்றுநர் ஏதோ உளறுகிறார் என்றுதான் பதின்மூன்று வயதில் நினைத்தேன். அவர் செய்தது, இந்தக் கருவியைக் கற்பிக்கும் மிகப் பழைய முறையின் ஒரு தூரத்து நிழல்.

இந்த முறையின் வலிமைக்கு ஒருவரைச் சொன்னால் போதும். இயான் டால் மெக்கே. ‘டால்’ என்றால் கண்பார்வை இல்லாதவர். கேர்லாக் பகுதியைச் சேர்ந்த அவர் சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். மெக்ரிம்மன் குடும்பத்தின் பேட்ரிக் ஓகிடம் மாணவராக இருந்தார். தாளை நம்பிய பள்ளியாக இருந்திருந்தால் அவருக்கு அங்கே இடமே இருந்திருக்காது. காதை நம்பிய பள்ளி என்பதால், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த குழலிசைஞர்களில் ஒருவராக வெளியே வந்தார். அவருடைய வழித்தோன்றல்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் குடியேறியபோது அவர் வாசித்த சான்டரையும் கொண்டு போனார்கள். அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

பள்ளியை மூடியது யார்?

1746இல் கலோடன் போரில் ஸ்காட்லாந்தின் ஜேக்கபைட் கிளர்ச்சிப் படை தோற்றது. அதன்பிறகு அரசாங்கம் பேக்பைப்பைச் சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டது, அதனால்தான் பள்ளிகள் அழிந்தன என்ற கதையைப் பல இடங்களில் படிக்கலாம். நானும் அதை நம்பித்தான் ஒரு வகுப்பில் பேசினேன். விரிவுரையாளர், “சட்டத்தைப் படித்துப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். படித்துப் பார்த்தேன். ஆயுதங்களுக்கும் ஹைலண்ட்ஸ் மலைநாட்டு உடைக்கும் தடை இருக்கிறது. பேக்பைப் என்ற சொல்லே இல்லை.

ஜேம்ஸ் ரீட் என்ற குழலிசைஞர் 1746 நவம்பரில் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டது உண்மை. நான் ஆயுதம் ஏந்தவில்லை, குழல்தான் ஊதினேன் என்று அவர் வாதிட்டார். ஹைலண்ட்ஸ் படைகள் குழலிசை இல்லாமல் போருக்குப் போவதில்லை, ஆகவே குழலும் போர்க்கருவிதான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அது ஒரு மனிதருக்குக் கிடைத்த தண்டனை. கருவிக்கான தடை அல்ல.

பள்ளியை மூடியது சட்டத்தைவிட மெதுவான ஒன்று. இனக்குழுத் தலைவர்களின் நீதி அதிகாரங்கள் பறிக்கப்பட்டன. படை திரட்டும் தலைவர் என்ற நிலையிலிருந்து வாடகை வசூலிக்கும் நிலவுடைமையாளர் என்ற நிலைக்கு அவர்கள் மாறினார்கள். குழலிசைஞருக்கு நிலம் கொடுத்து, ஏழாண்டுப் படிப்புக்குச் செலவு செய்ய அவர்களுக்குக் காரணம் இல்லாமல் போனது. 1773இல் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் ஸ்கை தீவுக்குப் போனார். மெக்ரிம்மன்களின் குழலிசைக் கல்லூரி இன்னும் முழுதாக அழிந்துவிடவில்லை என்றும், மல் தீவில் ரேன்கின் குடும்பம் நடத்திய இன்னொரு கல்லூரி ஏறத்தாழ 16 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது என்றும் தம் பயண நூலில் பதிவு செய்தார். அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் போரெரெய்க்கும் அடங்கிப்போனது. இன்று அங்கே இருப்பது 1933இல் எழுப்பப்பட்ட ஒரு நினைவுக் கற்குவியல்.

ஒரு கலையைத் தடை செய்தால்தான் அழியும் என்பதில்லை. கற்பிப்பவருக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போனாலே போதும்.

வங்காளத்தில் கிடைத்த கையெழுத்துப் படி

பாடிக் கற்பிக்கும் சங்கிலி அறுந்துவிடும் என்று பயந்தவர்கள் எழுதத் தொடங்கினார்கள். முதலில் எழுதியவர்களில் ஒருவரின் கதை நம் பக்கத்து வட்டாரத்தில் முடிகிறது. ஜோசஃப் மெக்டொனால்ட் ஒரு பாதிரியாரின் மகன். 1760 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காக இந்தியாவுக்குக் கப்பலேறியவர், பயணத்தின்போது பேக்பைப் இசையின் இலக்கணத்தை ஒரு நூலாக எழுதினார். 1763இல் இந்தியாவிலேயே இளவயதில் இறந்துவிட்டார். வங்காளத்தில் இருந்த இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் கையில் அந்தக் கையெழுத்துப் படி சிக்கியது. அதை ஊருக்குக் கொண்டு சேர்த்தார்கள். 1803இல் ஜோசஃபின் அண்ணன் பேட்ரிக் அதை அச்சிட்டார். மெக்ரிம்மன் பள்ளி உயிரோடு இருந்த காலத்தைச் சேர்ந்த ஒரு சாட்சி நமக்குக் கிடைத்தது இப்படித்தான்.

1797இல் காலின் கேம்பல் என்பவர் கான்டரக் சொற்களையே அப்படியே தொகுத்து எழுதிவைத்தார். 1838இல் ஆங்கஸ் மெக்கே 61 பீப்ரோக்குகளை மேற்கத்திய ஐந்துகோட்டு முறையில் அச்சிட்டார். பிறகு விக்டோரியா அரசியாரின் முதல் குழலிசைஞர் ஆனவர் இவர். இசை காப்பாற்றப்பட்டது. ஆனால் ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் கொஞ்சம் வேறு மாதிரி பாடியிருப்பார்கள். அச்சில் வந்ததோ ஒரே வடிவம். போட்டிகளில் நடுவர்கள் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டபோது, அச்சில் இருப்பதுதான் சரி என்றானது.

வேறொரு பக்கம், ராணுவம் கருவியைத் தத்தெடுத்துக்கொண்டது. ஹைலண்ட்ஸ் படைப்பிரிவுகள் போன இடமெல்லாம் பேக்பைப் போனது. குழலிசையில் சிறக்க வேண்டுமென்றால் சீருடை போடுவது ஒரு முக்கியமான வழி என்றாகிவிட்டது. அதற்கும் ஒரு விலை இருந்தது. முதலாம் உலகப் போரில் நூற்றுக்கணக்கான குழலிசைஞர்கள் உயிரிழந்தார்கள். ஒவ்வொருவரும் ஊருக்குத் திரும்பியிருந்தால் எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்கள்!

கிளாஸ்கோ, 1944

இந்த இடத்தில்தான் என் பச்சைப் புத்தகம் கதைக்குள் வருகிறது.

1944. இரண்டாம் உலகப் போர் முடியவில்லை. கிளாஸ்கோ நகரில் ஷேமஸ் மெக்நீல், தாமஸ் பியர்ஸ்டன் என்ற இரு இளையர்கள் ‘காலேஜ் ஆஃப் பைப்பிங்’ என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். குழலிசைக் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டாம். ராணுவத்தில் சேர வேண்டாம். தீவில் ஏழு ஆண்டுகள் தங்க வேண்டாம். வேலையோ படிப்போ முடிந்ததும் வந்து கற்றுக்கொள்ளலாம். இன்று நமக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். மெக்ரிம்மன் காலத்தோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய திருப்பம். தலைவர் அனுப்பிவைக்கும் மாணவர் என்ற நிலை போய், விரும்பியவர் எல்லாரும் மாணவர் என்றானது.

பள்ளி பின்னர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒட்டாகோ ஸ்திரீட்டில் நிலைபெற்றது. 1948இல் ‘தி பைப்பிங் டைம்ஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கியது. 1950களில் தொடக்கநிலை மாணவர்களுக்கான பயிற்சி நூலை வெளியிட்டது. அட்டை பச்சை நிறம். ஸ்காட்லாந்திலும், கனடாவிலும், ஆஸ்திரேலியாவிலும், பிறகு எங்கள் பள்ளியின் இரண்டாம் மாடி இசையறையிலும் பிள்ளைகள் முதல் பாடத்தைத் தொடங்கியது அந்தப் புத்தகத்தில்தான்.

அது இங்கு வருவதற்கான பாதை முன்பே போடப்பட்டிருந்தது. பாய்ஸ் பிரிகேட் என்ற சீருடை அமைப்பு 1883இல் தோன்றியதும் அதே கிளாஸ்கோவில்தான். 1930இல் அது சிங்கப்பூருக்கு வந்தது. பிரிட்டிஷ் படையினரும் இத்தகைய அமைப்புகளும் கொண்டுவந்த இசை, அவர்கள் போனபிறகும் நம் பள்ளிகள் சிலவற்றில் தங்கிவிட்டது.

இயற்பியலும் சுருதியும்

மெக்நீலைப் பற்றிப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அவருடைய தொழில். அவர் முழுநேர இசைஞர் அல்லர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளர்.

பேக்பைப்பின் சுரங்கள் பியானோவின் சுரங்களோடு ஒத்துப்போவதில்லை. அது ஒரு நாட்டுப்புறக் கருவி, அதனால் அபசுரமாக இருக்கிறது என்று நினைத்தவர்கள் உண்டு. 1954இல் மெக்நீலும் அவருடைய சகா லெனிஹனும் சான்டரின் ஒவ்வொரு சுரத்தின் அதிர்வெண்ணையும் அளந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இந்தச் சுரங்கள் ஓயாமல் ஒலிக்கும் சுருதிக் குழல்களோடு இசைவதற்காக அமைந்தவை. பியானோவில் எல்லா இடைவெளிகளையும் சமமாகப் பங்கிட்டிருக்கிறார்கள். பேக்பைப்பில் ஒவ்வொரு சுரமும் சுருதியைப் பார்த்து உட்காருகிறது. தம்புரா சுருதியோடு பாடிப் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தாளில் ‘ஏ’ என்று எழுதப்படும் சுரம் இசைக்குழுக்களில் பொதுவாக 440 ஹெர்ட்ஸ். இன்றைய பேக்பைப்பில் அது ஏறத்தாழ 480. ஒருமுறை பள்ளி நிகழ்ச்சியில் எங்களையும் தந்தியிசைக் குழுவையும் சேர்த்து வாசிக்கவைக்கப் பார்த்தார்கள். ஒத்திகை மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை. எங்கள்மேல்தான் தப்பு என்று அன்று தலைகுனிந்து நின்றோம். இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் நிமிர்ந்தே நின்றிருப்போம்.

அறிவியல் பார்வை இருந்ததால் மெக்நீல் பழங்கதைகளை அப்படியே விழுங்கியவர் அல்லர். அதே சமயம் பீப்ரோக்கின்மேல் அவருக்கு இருந்த பற்று குறையவும் இல்லை. அதைப் பொது வாசகர்களுக்கு விளக்கி 1968இல் ஒரு நூல் எழுதினார். மெக்ரிம்மன் பள்ளி பற்றிய பல கதைகள் பின்னாளில் கட்டப்பட்டவை என்று 1980இல் ஒரு நூல் வாதிட்டு பெரிய சர்ச்சையே எழுந்தது. அந்தச் சர்ச்சையையும் படித்தேன். பள்ளியில் எத்தனை மாணவர்கள், எத்தனை ஆண்டுகள் என்பதில் சந்தேகம் இருக்கலாம். ஆனால் அந்தத் தீவிலிருந்து ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு ஏதோ ஒன்று போய்க்கொண்டே இருந்தது என்பதற்கு அந்த இசையே சாட்சி.

பெயர் போனது, பாடம் போகவில்லை

1996இல் மெக்நீல் காலமானார். அதே ஆண்டில் கிளாஸ்கோவின் நடுவே, பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் ‘நேஷனல் பைப்பிங் சென்டர்’ திறக்கப்பட்டது. வகுப்பறைகள், அரங்கம், அருங்காட்சியகம், தங்கும் விடுதி எல்லாம் அதில் உண்டு. ராயல் கன்சர்வேட்டரி ஆஃப் ஸ்காட்லாந்துடன் சேர்ந்து பேக்பைப்பில் பட்டப்படிப்பும் அங்கே வந்தது. ஒருகாலத்தில் குகையிலும் மலைச்சரிவிலும் பயின்றதாகச் சொல்லப்பட்ட இசைக்கு இன்று பல்கலைக்கழகப் பட்டம்!

ஒரே நகரத்தில் இரண்டு பெரிய பள்ளிகள். 2018இல் காலேஜ் ஆஃப் பைப்பிங் அந்த மையத்தோடு இணைந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த ஒரு தனிப்பெயர் முடிவுக்கு வந்தது. 2020இல் ‘தி பைப்பிங் டைம்ஸ்’ அச்சிதழும் நின்றது.

இதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. என் புத்தகத்தின் பள்ளி இப்போது இல்லையே! ஆனால் இன்னும் படித்தபோது வருத்தம் கொஞ்சம் மாறியது. ஒட்டாகோ ஸ்திரீட் கட்டடத்தில் வகுப்புகள் தொடர்ந்தன. ஆகஸ்டு மாதம் உலகப் பேக்பைப் குழுப் போட்டிக்காகப் பல நாடுகளிலிருந்து கிளாஸ்கோவுக்குக் குழுக்கள் வருகின்றன. அவர்களில் எத்தனை பேர் அந்தப் பச்சைப் புத்தகத்தில் தொடங்கியவர்களாக இருப்பார்கள்! போரெரெய்க் அடங்கியபோது சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தது. கற்பிக்கும் ஆளும் இல்லை, ஆதரிக்கும் தலைவரும் இல்லை. கிளாஸ்கோவில் பெயர்ப்பலகை மட்டும்தான் இறங்கியது. கற்றுக்கொடுப்பவர்கள் இருந்தார்கள்.

சனிக்கிழமை காலை

இப்போது அந்தக் காரணம்.

எங்கள் பயிற்றுநர் உடல்நலக் குறைவால் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். குழுவில் இப்போது புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்றே பேர். நான் சேர்ந்தபோது எட்டுப் பேர் இருந்தோம். புதிய பயிற்றுநர் கிடைக்கும்வரை சனிக்கிழமைகளில் வந்து கற்றுக்கொடுக்க முடியுமா என்று முன்னாள் மாணவர்களிடம் கேட்டிருந்தார்கள். அந்தக் குறுந்தகவலுக்கு நான் இரண்டு வாரம் பதில் அனுப்பவில்லை. பாடச்சுமை, பகுதிநேர வேலை, போக வர ஒன்றரை மணி நேரம். எல்லாமே உண்மையான காரணங்கள். அதோடு, “புத்தகம் இருக்கிறதே, காணொளிகள் இருக்கின்றனவே, அதைப் பார்த்துப் பழகட்டுமே” என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் புத்தகத்தின் கதையைத் தேட ஆரம்பித்தது அப்போதுதான். போக வேண்டாம் என்பதற்கு அதில் ஒரு காரணம் கிடைக்கும் என்றுகூட எதிர்பார்த்திருக்கலாம். கிடைத்தது வேறு. புத்தகத்தை எழுதிய பள்ளியே, புத்தகம் மட்டும் போதும் என்று நினைக்கவில்லை. அங்கே வாரந்தோறும் ஆசிரியர்கள் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்கள். இயற்பியல் விரிவுரையாளர் ஒருவர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டே ஐம்பது ஆண்டுகள் அந்தப் பள்ளியோடு இருந்தார். எனக்கோ வாரத்தில் ஒரு காலைப்பொழுது.

சென்ற மாதம் முதல் வகுப்புக்குப் போனேன். உயர்நிலை ஒன்று மாணவி ஒருத்தி எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு, “அக்கா, இது எனக்கு வரவே வராது,” என்றாள். நானும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, புத்தகத்தை மூடி வைத்தேன். “ஹிடிரி... ஹோ... ஹடிரி...” என்று பாடினேன். மூன்று பேரும் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் பாடினார்கள். நான்காவது முறை குழலை எடுத்தபோது, அந்தச் சிறுமியின் விரல்கள் சரியான இடத்துக்குப் போயின.

நீங்கள் உங்கள் பள்ளியில் ஏதாவது ஒரு கலையைக் கற்றிருந்தால், அது பேக்பைப்பாக இருந்தாலும் சரி, பரதமோ சிலம்பமோ மலாய் கொம்பாங்கோ எதுவாக இருந்தாலும் சரி, அங்கே இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எங்கள் குழுவில் மூன்று பேர். வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு.